கவர்ச்சிக் கொலையாளிகள், கார்ப்பரேட் சதி: உளவு சாகச நாவல் எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

உளவு சாகச நாவல் எழுத உட்காருபவர்களில் பலர் முதலில் எழுதும் காட்சி ஒன்றுதான். நட்சத்திர விடுதி, சிவப்பு கவுன், கைப்பைக்குள் துப்பாக்கி. மூன்றாவது அத்தியாயம் வரை கதை பறக்கும், பிறகு நின்றுவிடும். அந்தப் பெண் யாரைக் கொல்லப்போகிறாள் என்று முடிவு செய்தவர், அந்தச் சாவால் யாருக்கு எவ்வளவு கிடைக்கும் என்று யோசித்திருக்கமாட்டார். நிறுவனங்களுக்கு இடையே நடக்கும் சதியில் கொலையும் ஒரு செலவினம்தான். பணம் போடுபவர் லாபம் எதிர்பார்க்கிறார். எனவே இங்கே கணக்கு முதலில் வரும், கத்தி பிறகு வரும்.

இந்த முறை சுமார் 60,000 சொற்கள் கொண்ட நாவலுக்கானது. 1,500 சொற்கள் வீதம் 40 அத்தியாயங்கள். வாரத் தொடராக எழுதுபவர்களுக்கும் இந்த அளவு பொருந்தும். திட்டமிட மூன்று வாரம் ஒதுக்குங்கள். முதல் வாரம் முழுவதும் படி 1-க்கே போகட்டும்.

படி 1: சாவின் விலையை எண்ணாக எழுதுங்கள்

ஒரு தாளில் மூன்று வரி போதும்: இன்று பங்கின் விலை, ரகசியம் வெளியான பிறகு அதன் விலை, மொத்தப் பங்குகள். ஒரு மருந்து நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அதன் புது மருந்து மூன்றாம் கட்டச் சோதனையை முடித்துவிட்டது, முடிவு மட்டும் இன்னும் அறிவிக்கப்படவில்லை. இன்று பங்கு 40. முடிவு நல்லதாக இருந்தால் 110. பங்குகள் 10 கோடி. முடிவை முன்கூட்டியே அறிந்த போட்டி நிறுவனம், அறிவிப்பு வருமுன் பங்குக்கு 50 கொடுத்து முழுவதையும் வாங்கிவிட்டால் லாபம் 600 கோடி. எந்த நாணயமாக இருந்தாலும் சரி, அந்த 600 கோடிதான் உங்கள் கதையின் எஞ்சின். இந்த எண்ணைச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

அடுத்த கேள்வி, அந்த விற்பனைக்குக் குறுக்கே நிற்பவர் யார்? அவர்தான் இலக்கு. பெரும்பாலான கதைகள் இங்கே தலைமை நிர்வாகியைக் கொன்றுவிட்டுச் சறுக்குகின்றன. நடைமுறையில் தலைமை நிர்வாகி இறந்தால் இயக்குநர் குழு கூடி இடைக்காலத் தலைவரை நியமிக்கும். பங்கு சில நாள் ஆடிவிட்டு நிலைக்கு வரும். கொலைக்குப் போட்ட பணம் வீண். பலன் தரும் சாவுகள் வேறு.

இயக்குநர் குழுவில் ஏழு பேர், விற்பனைக்கு எதிராக 4–3 என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பவர்களில் ஒருவர் போனால் 3–3. குழுத் தலைவருக்குத் தீர்மான வாக்கு இருந்து, அவர் விற்பனையின் பக்கம் நின்றால் வழி திறந்துவிடும். இன்னொன்று, நிறுவனரின் சிறப்புப் பங்கு. சில நிறுவனங்களில் நிறுவனர் கையிலுள்ள ஒவ்வொரு பங்குக்கும் 10 வாக்கு, மற்றவர்களின் பங்குக்கு 1 வாக்கு. நிறுவனர் இறந்தால் அவை சாதாரணப் பங்குகளாக மாறிவிடும் என்ற விதி பல நிறுவனங்களின் சாசனத்தில் இருக்கிறது. ஒரே சாவில் நிறுவனத்தின் கடிவாளம் கைமாறும். இந்த வகை நாவலுக்கு இதைவிட வலுவான காரணம் கிடைப்பது அரிது. காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் ஒரே கண்டுபிடிப்பாளர் சாவது, சோதனை முடிவைப் பார்த்துவிட்ட புள்ளியியலாளர் சாவது ஆகியவையும் உதவும். ஆனால் அவற்றை இரண்டாவது கொலையாக வையுங்கள்.

கதையின் கெடுவையும் பங்குச் சந்தை விதிகளிலிருந்தே எடுக்கலாம். பட்டியலிட்ட நிறுவனத்தில் ஒருவரின் பங்கு இந்தியாவிலும் அமெரிக்காவிலும் 5 சதவீதத்தை எட்டித் தாண்டினால் வெளியே சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் 3 சதவீதம். இந்தியாவில் 25, பிரிட்டனில் 30 சதவீதத்தை எட்டினால் மற்றப் பங்குதாரர்களுக்கும் வாங்கும் அழைப்பு விடுக்க வேண்டும். 4.9 சதவீதத்தில் நின்றுகொண்டு, மீதியைப் பினாமி நிறுவனங்கள் வழியாகச் சேர்க்கும் வில்லனுக்கு ஒவ்வொரு நாளும் ஆபத்து கூடும். ‘72 மணி நேரத்தில் உலகம் அழியும்’ என்ற கெடுவை விட, ‘வெள்ளிக்கிழமை சந்தை மூடுவதற்குள்’ என்பது வாசகரை இறுக்கிப் பிடிக்கும்.

படி 2: ரகசியம் வெளியேறும் வழி

லேசர் கதிர்களுக்கு நடுவே உடலை வளைத்து நுழையும் காட்சியை எழுதுமுன், நடந்த வழக்குகளைப் பாருங்கள். 2006-இல் கோகோ கோலா தலைமையகத்தில் ஒரு நிர்வாக உதவியாளர் ஆவணங்களையும், வெளிவராத ஒரு பானத்தின் மாதிரியையும் பையில் போட்டுக்கொண்டது கேமராவில் பதிவானது. அவருடைய கூட்டாளி பெப்சிக்குக் கடிதம் எழுதினார். பெப்சி அந்தக் கடிதத்தைக் கோகோ கோலாவிடமே கொடுத்துவிட்டது. வாங்குபவராக நடித்த எஃப்.பி.ஐ. ஆள் 30,000 டாலரை பிஸ்கட் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். உதவியாளருக்கு 8 ஆண்டு சிறை.

2001-இல் பிராக்டர் அண்ட் கேம்பிளுக்காக வேலை செய்தவர்கள் யூனிலீவரின் கூந்தல் பொருள் பிரிவைப் பற்றி அறிய அதன் குப்பைத் தொட்டிகளைக் கிளறினார்கள். 2006-இல் ஹியூலெட்–பேக்கர்டில் இயக்குநர் குழுச் செய்தி கசிந்தபோது, அதைக் கண்டுபிடிக்க அமர்த்தப்பட்டவர்கள் இயக்குநர்களின் பெயரிலேயே ஆள்மாறாட்டம் செய்து அவர்களின் தொலைபேசிப் பதிவுகளை வாங்கினார்கள். தானியங்கிக் கார் தொழில்நுட்பம் தொடர்பான வேமோ–ஊபர் வழக்கில், கூகுள் குழுமத்தின் வேமோவிலிருந்து ஒரு பொறியாளர் எடுத்துச்சென்றதாகப் பேசப்பட்டவை சுமார் 14,000 கோப்புகள், 9.7 ஜிகாபைட். விஷயம் வெளிவந்ததற்கு ஒரு காரணம், பாகங்கள் செய்து தரும் ஒரு நிறுவனம், வேமோவினுடையதைப் போலவே இருந்த ஊபரின் சர்க்யூட் வரைபடம் இணைத்த மின்னஞ்சலைத் தவறுதலாக வேமோவுக்கும் அனுப்பியது.

இவற்றிலிருந்து உங்கள் கதைக்கு இரண்டு பொருள் எடுங்கள்: உள்ளே இருக்கும் ஒரு கை, வெளியே நேரும் ஒரு தவறு. உள்ளே இருப்பவருக்குப் பேராசையைத் தவிர வேறொரு காரணம் கொடுங்கள். பதவி உயர்வில் மூன்று முறை ஒதுக்கப்பட்டவர், தன் ஆய்வில் வேறொருவர் பெயர் போட்டுக்கொண்டதைப் பார்த்தவர். தவறு மட்டும் அற்பமாக இருக்கட்டும், ஒரு மின்னஞ்சல் முகவரி போல. பெரிய தவறுகளை வாசகர் நம்பமாட்டார்.

படி 3: கொலையாளியை உருவாக்குதல்

ஒற்றாடல் அதிகாரத்தில் (குறள் 585) ஒற்றனுக்கு வள்ளுவர் மூன்று தகுதி வைக்கிறார்: ஐயுற முடியாத உருவம், எதிரே பார்ப்பவர் கண்ணுக்கு அஞ்சாமை, எந்த நிலையிலும் மனத்திலுள்ளதை வெளிவிடாமை. இதில் முதல் தகுதிதான் உங்கள் கதாபாத்திரத்தின் நிரந்தரச் சிக்கல். எல்லோரும் திரும்பிப் பார்க்கும் ஒருத்தி எப்படி ஐயத்துக்கு அப்பாற்பட்டவளாக இருக்க முடியும்? இந்தக் கேள்விக்கு உங்கள் நாவல் ஒரு விடை வைத்திருக்க வேண்டும். நடனத்தால் ஐரோப்பா முழுதும் பேர் பெற்ற மாட்டா ஹரியை உளவாளி என்று தீர்மானித்து 1917 அக்டோபர் 15 அன்று பிரெஞ்சு ராணுவம் சுட்டுக் கொன்றது. அவர் எங்கே போனாலும் பின்னால் கண்கள் போயின. புகழ் அவரைக் காக்கவில்லை.

இன்றைக்கு அந்தக் கண்கள் கேமராக்கள். 2010 ஜனவரியில் துபாய் விடுதி ஒன்றில் ஹமாஸ் தளபதி அல்-மப்ஹூ கொல்லப்பட்டபோது, போலிக் கடவுச்சீட்டில் வந்த குழுவின் நடமாட்டத்தை துபாய் காவல்துறை கேமராப் பதிவுகளிலிருந்து தொகுத்து உலகத்துக்கே காட்டியது. டென்னிஸ் உடையில் விடுதிக்குள் திரிந்தவர்கள், கழிவறைக்குள் வழுக்கைத் தலையுடன் போய் முடியுடன் வந்தவர், எல்லாம் பதிவாகியிருந்தன. வேலை முடிந்தது, ஆனால் அந்த முகங்கள் மறுபடி பயன்படாமல் போயின. உங்கள் நாயகி ஒரு முகத்தை எத்தனை முறை பயன்படுத்தலாம் என்று எண்ணிவிடுங்கள். ஒரு நாவலில் இரண்டு போதும்.

அடுத்து, கையில் ரத்தம் பட்டவருக்கு என்ன தெரியும்? 2017 பிப்ரவரி 13 அன்று கோலாலம்பூர் விமான நிலையத்தில் வட கொரியத் தலைவர் கிம் ஜோங் உன்னின் மாற்றாந்தாய் வழி அண்ணன் கிம் ஜோங் நாமின் முகத்தில் வி.எக்ஸ். நச்சைத் தடவிய இரண்டு பெண்கள், தாங்கள் ஒரு குறும்பு நிகழ்ச்சிக்காக நடிப்பதாக நினைத்ததாகச் சொன்னார்கள். அவர்களை அனுப்பியவர்கள் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். 1957-இலும் 1959-இலும் மியூனிக்கில் இரு உக்ரேனியத் தலைவர்களை சயனைடு பீய்ச்சும் கருவியால் கொன்ற சோவியத் உளவுத்துறை ஆள் போக்தான் ஸ்டாஷின்ஸ்கி, 1961-இல் மனைவியுடன் மேற்கு பெர்லினுக்குத் தப்பி வந்து தானாகவே எல்லாவற்றையும் சொன்னார். 1962-இல் ஜெர்மன் நீதிமன்றம் அவரைக் குற்றத்துக்குத் துணைபோனவராக மட்டும் கருதி 8 ஆண்டு தண்டனை கொடுத்தது. உத்தரவிட்டவர்களே முதன்மைக் குற்றவாளிகள் என்பது தீர்ப்பின் அடிப்படை.

கார்ப்பரேட் கதைக்கு இந்தத் தீர்ப்பு பெரிய புதையல். கொலையாளி வாய் திறந்தால் தண்டனை குறையும், உத்தரவிட்டவர் சிக்குவார். ஆகவே வேலை முடிந்ததும் கொலையாளியே அடுத்த இலக்கு ஆகிறாள். இந்தத் திருப்பத்தை 24-ஆம் அத்தியாயத்துக்கு அருகில் வையுங்கள். அதற்கு முந்தினால் மிரட்டல் எடுபடாது, பிந்தினால் துரத்தலுக்கு இடமிருக்காது.

படி 4: கவர்ச்சிக்கு வேலை கொடுங்கள்

அழகை வருணிப்பதற்கு முன் அது எந்தக் கதவைத் திறக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பெயரும் ஊரும் தோற்றமும் மாறுவது இயல்பாக இருக்கும் தொழில் ஒன்று வேண்டும். ஏலக் கலைப்பொருள் முகவர், நகைக் கண்காட்சி ஒருங்கிணைப்பாளர், இருமொழி அறிந்த மொழிபெயர்ப்பாளர். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. மொழிபெயர்ப்பாளர் இரண்டு தலைவர்களுக்கு நடுவே உட்கார்ந்து எல்லா ரகசியத்தையும் கேட்கிறார், பேசி முடித்ததும் அவர் முகத்தை யாரும் நினைவில் வைப்பதில்லை. இரவு விருந்தில் மின்னுபவளும் பகல் கூட்டத்தில் மங்கி நிற்பவளும் ஒருத்தியாக இருந்தால், முன்பு கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

உடையைக் கருவியாகவே நடத்துங்கள். இரவு கவுனில் பை இல்லை, எனவே கைப்பேசியும் ஊசியும் எங்கே? பளிங்குத் தரையில் குதிகால் உயர்ந்த செருப்பு சத்தம் போடும். ஜிகினா வேலைப்பாடு இருட்டில் விளக்கைப் பிடித்துக் காட்டும். வாசனைத் திரவியம் அவள் போன பின்னும் லிஃப்டில் நிற்கும். 31-ஆம் அத்தியாயத்தில் துப்பறிபவருக்குத் தடயமாவது அதுவாக இருக்கலாம். உலோக நகை சோதனை வாயிலில் கத்தும். இந்தத் தடைகள் ஒவ்வொன்றும் உங்களுக்கு அரைப் பக்கக் காட்சி தரும். ‘அவள் பேரழகி’ என்ற வாக்கியம் எதையும் தராது.

ஆயுதங்களில் மூன்று பொய்களைத் தவிருங்கள். சைலன்சர் பொருத்திய துப்பாக்கி ‘புஸ்’ என்று அடங்காது. சாதாரண வெடியொலி சுமார் 160 டெசிபல், சைலன்சர் குறைப்பது 20 முதல் 35 வரை, மிச்சம் பக்கத்து அறையை எழுப்பப் போதும். குளோரோஃபார்ம் நனைத்த கைக்குட்டை நொடியில் மயக்காது, நிமிடங்கள் ஆகும். ஏசி குழாய்க்குள் ஆள் தவழ முடியாது. நஞ்சு பயன்படுத்தினால் செய்முறையை விட்டுவிட்டு விளைவை எழுதுங்கள். நச்சுப் பரிசோதனை அறிக்கை வரப் பல வாரம் ஆகலாம். அந்த இடைவெளியில் ‘மாரடைப்பு’ என்றே எல்லோரும் நம்பி, இயக்குநர் குழு வாக்கெடுப்பும் முடிந்துவிடும். ஒரு நஞ்சின் பெயரைவிடக் கதைக்கு இந்தத் தாமதம்தான் பெறுமதி.

படி 5: பணத்தின் தடம், அதைப் பிடிப்பவர்

கொலைக்கான பணம் நிறுவனத்தின் புத்தகத்தில் எங்கோ ஓர் இடத்தில் பதிந்தே ஆக வேண்டும். வழக்கமான போர்வை ‘ஆலோசனைக் கட்டணம்’. துறைத் தலைவர் 50 லட்சம் வரை தானே ஒப்புதல் தரலாம் என்று வைத்தால், பில்கள் 48, 49 லட்சத்தில் வரும். இதைக் கண்டுபிடிக்க ஓய்வுபெற்ற உளவு அதிகாரி தேவையில்லை, உள் தணிக்கையாளர் போதும். அவர் கையில் பென்ஃபோர்டு விதி இருக்கிறது. இயல்பாகச் சேரும் தொகைகளில் 1-இல் தொடங்குபவை சுமார் 30.1 சதவீதம், 4-இல் தொடங்குபவை 9.7 சதவீதம். ஒரு துறையின் பில்களில் 4 மட்டும் குவிந்திருந்தால், யாரோ வரம்புக்குக் கீழே ஒளிந்துகொள்கிறார் என்று பொருள்.

தணிக்கையாளரை நாயகனாகவோ நாயகியாகவோ வைக்கத் தயங்காதீர்கள். ஆயுதமில்லாத ஒருவர் ஆயுதமுள்ளவளை நோக்கிப் போவதால் ஒவ்வொரு பக்கத்திலும் பயம் இருக்கும். கைகலப்பில் அவர் ஜெயிக்கக் கூடாது, ஒருமுறைகூட.

இடைத்தரகர் சங்கிலியில் மூன்று கண்ணி வையுங்கள்: பணம் தரும் நிர்வாகி, ஏற்பாடு செய்யும் வழக்கறிஞர், வேலை தரும் கையாளி. முதலாமவருக்குக் கொலையாளியின் முகம் தெரியாது, கொலையாளிக்கு நிறுவனத்தின் பெயர் தெரியாது. இருவரும் எதேச்சையாக ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் காட்சி உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும்.

படி 6: கட்டம் போடுங்கள்

ஓர் அட்டவணை: அத்தியாயத்துக்கு ஒன்றாக 40 வரிசை, 5 பத்தி. பத்திகள்: தேதியும் நேரமும், யார் பார்வையில், என்ன நடக்கிறது, யாருக்கு என்ன புதிதாகத் தெரிகிறது, எந்தக் கேள்வியில் முடிகிறது. நான்காவது பத்தி காலியாக இருக்கும் அத்தியாயத்தை வெட்டுங்கள். சாவுகள் மூன்றைத் தாண்ட வேண்டாம். 3-ஆம், 17-ஆம், 35-ஆம் அத்தியாயங்கள் நல்ல இடங்கள். ஐந்தாவது பிணத்துக்கு வாசகர் பக்கம் புரட்டிவிடுவார்.

விமான நேரம், நேர மண்டலம், சந்தை திறக்கும் நேரம் மூன்றையும் ஒரே கடிகாரத்துக்கு மாற்றி எழுதுங்கள். இந்த வகையில் வாசகர்கள் அதிகம் பிடிக்கும் பிழை இதுதான்.

படி 7: விருந்துக் காட்சி

நாவலின் நடுத்தூண் இது. முதலில் தரைப்படம் வரையுங்கள்: முகப்பு வாசல், சமையலறை வழி, பணியாளர் லிஃப்ட், மாடம், கழிவறை, கேமரா இருக்கும் மூலைகள். பிறகு 12 நிமிடத்தைப் பிரியுங்கள். முதல் 3 நிமிடம் நுழைவு, அடுத்த 4 நிமிடம் இலக்கை நெருங்கும் உரையாடல், 1 நிமிடம் செயல், 2 நிமிடம் எதிர்பாராத தடை, 2 நிமிடம் வெளியேற்றம். எழுதும்போது இந்த விகிதத்தைத் திருப்புங்கள். செயலுக்கு 80 சொல், தடைக்கு 600 சொல். தடை மனிதராக இருக்கட்டும். முன்பு வேறு பெயரில் அவளைச் சந்தித்த ஒருவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டி வருகிறார். அவர் நல்லவராகவும் இருந்துவிட்டால் காட்சி இன்னும் கனக்கும்.

படி 8: அவன், அவள், அவர்

தமிழில் எழுதுபவர் அதிகம் உழைக்க வேண்டிய படி இது. வினைமுற்றே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ‘கொலையாளி கதவைத் திறந்தாள்’ என்றதும் சந்தேகப் பட்டியலில் இருந்த ஆண்கள் எல்லோரும் விடுதலை. அடையாளத்தை மறைக்க வேண்டுமானால் வழிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலையும் உண்டு.

‘திறந்தார்’ என்று எழுதலாம். ஆனால் முதல் பக்கத்திலிருந்தே அறிமுகமில்லாத எல்லோருக்கும் ‘ஆர்’ போட்டிருந்தால்தான் இது எடுபடும். கொலையாளிக்கு மட்டும் போட்டால் மரியாதை அல்ல, மறைப்பு என்று வாசகர் கண்டுபிடித்துவிடுவார். உறுப்பையோ பொருளையோ எழுவாயாக்கலாம்: ‘கையுறை அணிந்த விரல்கள் தாழ்ப்பாளை நகர்த்தின.’ 150 சொல்லுக்கு மேல் நீண்டால் உடலற்ற கைகள் அலைவது போல ஆகிவிடும். சிறந்த வழி தன்மைக் கூற்று. ‘திறந்தேன்’ என்பதில் ஆண், பெண் இரண்டும் இல்லை. கொலையாளியின் பார்வையில் 400 சொல் அளவில் ஐந்து குறு அத்தியாயங்களை இப்படி எழுதி, கட்டத்தில் தூவிவிடுங்கள்.

மறைக்க எதுவும் இல்லாத இடத்திலும் கவனம் தேவை. ஆண் தலைவர் ‘சொன்னார்’, பெண் தலைமை நிர்வாகி ‘சொன்னாள்’ என்று பேனா தானாக ஓடும். அதே பதவிக்கு அதே விகுதி கொடுங்கள். யாருக்கு எந்த விகுதி என்று ஒரு பட்டியல் எழுதி மேசையில் வையுங்கள்.

நீங்கள்–நீ மாற்றத்தைத் துப்பாகவே பயன்படுத்தலாம். வழக்கறிஞரும் மொழிபெயர்ப்பாளரும் கூட்ட அறையில் ‘நீங்கள்’ என்று பேசுகிறார்கள். லிஃப்ட் கதவு மூடும் நொடியில் வழக்கறிஞர், “நீ முன்னாடி போ” என்கிறார். வெளியே நிற்கும் தணிக்கையாளர் காதில் அந்த ஒரு ‘நீ’ விழுகிறது. இருவருக்கும் பழைய பழக்கம் உண்டு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

படி 9: திருத்தும்போது

எழுதி முடித்துப் பத்து நாள் கழித்து எடுங்கள். முதல் வாசிப்பில் எண்கள் மட்டும்: பங்கு விலை, வாக்கு, தேதி, பில் தொகை. இரண்டாவது வாசிப்பில் கொலையாளி தோன்றும் பக்கங்களை மட்டும் தொடர்ந்து படியுங்கள். அவளைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவருக்கும் என்ன நினைவிருக்கும் என்று ஓரத்தில் எழுதுங்கள். கேமராவில் பதிந்த முகம் பிறகு யார் மேசைக்கும் போகவில்லையென்றால், ஒரு காட்சி விட்டுப்போயிருக்கிறது. மூன்றாவது வாசிப்பில் விளக்கங்களை வெட்டுங்கள். சிறப்புப் பங்கு விதியை ஒரு பாத்திரம் இன்னொருவருக்கு ‘உங்களுக்கே தெரியுமே’ என்று பாடம் நடத்தினால், அந்தப் பத்தியை எடுத்துவிட்டு, இறந்தவரின் மகள் அதை முதல்முறையாக வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதாக மாற்றுங்கள். அதே செய்தி அப்போது இடியாக இறங்கும்.

கடைசி அத்தியாயத்தில் ஒரு கணக்கு மீதி இருக்கும். கொலைக்குப் பாதிப் பணம் முன்பே போய்விட்டது. மறுபாதி எந்தக் கணக்கில் நிற்கிறது, அதை எடுக்க யார் வருகிறார்கள் என்பதைத் தணிக்கையாளர் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும்போது கதையை நிறுத்துங்கள்.